பலகாரக்காரன் கண்ட பிறை

நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, பிறை பார்க்க மினாராவில் ஏறி நின்ற கூட்டத்தைப் பார்த்ததுமே ஷேக் புர்ஹானுத்தீனுக்குக் குமட்டியது. நாளெல்லாம் பட்டினி கிடந்த வயிறுதான், ஆனாலும் அந்தக் குமட்டலுக்குப் பட்டினி காரணமில்லை. காஜியார் படியேறி வந்த களைப்பில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி, வருஷத்தில் மற்ற நாளெல்லாம் வானத்தை ஏறிட்டும் பார்க்காத பெரிய மனிதர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பிறை தேடினார்கள். அதில் ஒருவர் கிழக்குப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் முன்னால் நெய் வாடையோடு நின்றவன் ஹாஜி மிஸ்பாஹ். கெய்ரோக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் பலகாரக் கடை வைத்திருக்கிறவன். பாலாடை வைத்த பெருநாள் பலகாரங்களை மலை மாதிரி அடுக்கி வைத்துவிட்டு வந்திருந்தான். பிறை ஒரு நாள் தள்ளிப்போனால் பாதி ஊசிப்போகும். அவனுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது, வலது கண்ணும் ரொம்ப நாள் தாங்காது. ஆனாலும் கொஞ்ச வருஷமாகப் பெருநாள் பிறையை முதலில் பார்க்கிறவன் அவன்தான். முதலில் பார்த்தவனுக்குக் காஜியார் கையால் பட்டு அங்கி போர்த்துவார்கள்.

புர்ஹானுத்தீன் அந்தப் பள்ளிவாசலுக்கு நேரம் கணித்துச் சொல்பவர். ஐந்து வேளைப் பாங்கும் அவர் சொன்ன நேரத்தில்தான் ஒலிக்கும். அதில் யாரும் அவர் கணக்கைக் குறை சொன்னதில்லை. பிறை விஷயத்தில் மட்டும் அவர் வாயைத் திறக்கக் கூடாது, அங்கே கணக்கு ஹராம் மாதிரி. அவரோ பித்தளை வளையங்களை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக நிலாவைத் துரத்தி அளந்தவர். பழைய அட்டவணைகள் நிலாவை அது இருக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் காட்டுகின்றன என்று கண்டுபிடித்து, கண் கெடக் கெட உட்கார்ந்து புதிய அட்டவணை போட்டிருந்தார். பழையதை நம்பினால் அன்றைக்குப் பிறை தெரியலாம். அவருடையதை நம்பினால் சூரியன் மறைந்த கையோடு நிலாவும் போயிருக்கும், எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் அகப்படாது.

“அதோ! அதோ அதோ!” என்று மிஸ்பாஹ் கத்தினான்.

“எங்கப்பா?” என்றார் காஜியார்.

“அந்தப் பேரீச்ச மரத்துக்கு மேல, காஜியார். கொஞ்சம் இடது பக்கமா. வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருக்கு பாருங்க!”

அவன் கை காட்டிய இடத்தில் ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கும் தெரியுது” என்றான் அவன் மச்சான். அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சட்டத்துக்கு இரண்டு சாட்சி போதும்.

புர்ஹானுத்தீனுக்கு அடக்க முடியவில்லை. “காஜியார், பிறை போயாச்சு. சூரியனோட சேர்ந்தே இறங்கிருச்சு. இவன் பாத்தது வானத்துல இருக்கிறது இல்ல, இவன் கண்ணுல விழுந்திருக்கிற பூ!”

“ஷேக், பிறையைக் கண்ணால பாக்கணும்னுதான் நமக்குச் சொல்லியிருக்கு. கணக்குப் போட்டுப் பாக்கச் சொல்லல.”

“அப்ப கண்ணு இருக்கிறவனையாவது பாக்கச் சொல்லுங்களேன்!”

“நீங்க பாக்கலன்னா அது உங்க நஸீபு, உங்க தலைவிதி” என்று சொல்லிவிட்டுக் காஜியார் கீழே கையசைத்தார். முரசு முழங்கியது. கீழே காத்திருந்த கூட்டம் ஆரவாரம் போட்டது.

புர்ஹானுத்தீன் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கத்தினார். “இன்னிக்குப் பிறை இல்ல! இருந்துச்சுன்னா என் அட்டவணையைக் கிழிச்சு இவன் பலகாரத்துக்குப் பொட்டலம் கட்டுங்கடா!” கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். நாளைக்குத் தின்னலாம் என்று தெரிந்துவிட்ட கூட்டம் எதைச் சொன்னாலும் சிரிக்கும்.

மறுநாள் ஊருக்குப் பெருநாள். புர்ஹானுத்தீன் கதவைச் சாத்திக்கொண்டு நோன்பிருந்தார். தெருவெல்லாம் நெய்யும் சர்க்கரைப் பாகுமாக வீசியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெல்லுகிற, விழுங்குகிற, விரல் சூப்புகிற சத்தம் அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது, அல்லது வருவதாக அவருக்குத் தோன்றியது. ஊர் முழுக்க ஒரு குருட்டுப் பலகாரக்காரனை நம்பித் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்து அவர் ஜன்னலையும் இழுத்துச் சாத்தினார்.

துன்யா ஒரு தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவருக்கு ஒரே மகள், தாயில்லாதவள். அவளைச் சன்ஜர் என்ற குதிரை வீரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். ஓர் அமீரின் படையில் இருப்பவன், ஆள் பார்க்க நன்றாக இருப்பான், அதைப் பார்த்துத்தான் ஏமாந்தார்.

கெய்ரோ ஆண்களுக்கு எடுத்ததற்கெல்லாம் தலாக்கின் மேல் ஆணையிடுவது மூக்குச் சிந்துகிற மாதிரி ஒரு பழக்கம். இந்தத் தர்பூசணி இனிக்கலேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக் என்பான் ஒருவன். என் கழுதை உன் கழுதையை முந்தலேன்னா தலாக் என்பான் இன்னொருவன். இந்த ஊரில் எத்தனை பேர் இன்னும் புருஷன் பெண்டாட்டியாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. சன்ஜர் இந்த வாய்க்கொழுப்பில் முதல் ஆள். குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டால் ஏன் குடிக்கக் காசில்லை என்று அடிப்பான். ஒரு நாள் காதிலிருந்த வளையத்தோடு சேர்த்து இழுத்ததில் துன்யாவின் காது மடல் கிழிந்து தொங்கியது. அன்றைக்குத் தகப்பன் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவனும் விடுதலை கொடுக்கவில்லை.

அலெக்ஸாண்டிரியாவுக்கு அமீர் வேலையாகப் புறப்பட்ட அன்று அவன் இந்த வாசலில் குதிரையை நிறுத்தி, தெருவே கேட்கக் கத்தினான். “கேட்டுக்கடி! நோன்புப் பெருநாள் பிறை தெரியறதுக்குள்ள நான் திரும்பி வந்து உன்னை இழுத்துட்டுப் போகலேன்னா உனக்கு மூணு தலாக்!” வந்துவிடுவோம் என்ற திமிர்தான்.

“உங்களுக்கு வாப்பா?” என்று துன்யா தட்டை நீட்டினாள்.

“எனக்கு நோன்பு.”

“எனக்கு இல்ல.” அவள் ஒரு பலகாரத்தை எடுத்துக் கடித்தாள்.

“பிறை இல்லைன்னு உனக்கும் தெரியும்.”

“தெரியும். நேத்துக் கணக்கை நான்தானே போட்டேன்.” அட்டவணையில் பாதி அவள் கூட்டிக் கழித்ததுதான். “ஆனா காஜியார் இருக்குன்னு சொல்லிட்டாரு. அந்த ஆள் வந்து சேரல. நான் தப்பிச்சிட்டேன் வாப்பா.”

“ஒரு பொய்ப் பிறையால.”

“ஆமா, பொய்ப் பிறைதான். நெசப் பிறை எனக்கு என்ன கிழிச்சுது?”

அவள் உதட்டோரம் சர்க்கரை ஒட்டியிருக்க மென்று தின்பதைப் பார்க்க அவருக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பெற்ற பெண் வாய்க்கு ருசியாக ஒன்று தின்கிறாள், அதைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

உச்சி வெயிலில் சன்ஜர் வந்து சேர்ந்தான். குதிரை வாயில் நுரை தள்ளியது. தெருவில் நின்ற பெண்கள் அவனைச் சும்மா விடவில்லை.

“பெருநாள் வந்துருச்சு ராசா, பொண்டாட்டி போயிருச்சு!”

“ஒரு ராத்திரி எங்கய்யா தங்கின? அவளையே கட்டிக்க!”

அவன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். துன்யா மாடிக்கு ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். புர்ஹானுத்தீன் மாடிப்படிக்குக் குறுக்கே நின்றார். சன்ஜர் கையை ஓங்கினான். ஓங்கியவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“என்ன மாமா, உதடெல்லாம் காஞ்சு கெடக்கு? பெருநாளும் அதுவுமா ஒண்ணும் சாப்பிடலியா?”

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நோன்பு புடிச்சிருக்கீங்க! அப்ப இன்னும் பிறை வரல. நான் நேரத்துக்கு வந்துட்டேன்.” அவன் தொடையில் தட்டிக்கொண்டான். “நேத்து மினாராவுலேர்ந்து கத்தினீங்களாமே, ஊர் வாசல்ல நுழையும்போதே சொன்னாங்க. ஊரே கேட்டிருக்கு. மாமா, எனக்கு உங்களைப் புடிக்காது. உங்களுக்கும் என்னைப் புடிக்காது. ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க நிலா விஷயத்துல நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. செத்தாலும் சொல்ல மாட்டீங்க. காஜிகிட்ட போவோம்.”

இத்தனை பெரிய ஊரில் தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டவன் இந்தப் பன்றி ஒருவன்தான் என்பதை நினைக்க அவருக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அன்று மாலை நூல் மாதிரி மெல்லிய பிறை தெரிந்தது. முதல் நாள் பிறைதான் அது, சந்தேகமே இல்லை. ஊர் முழுக்க அதைப் பார்த்தது, ஏப்பம் விட்டபடி பார்த்தது. ஒருத்தருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பெருநாள் கொண்டாட்டம் முடிந்ததும் வழக்கு வந்தது. பெண் வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சன்ஜர் ஒரு வக்கீலைப் பிடித்து வந்திருந்தான். சதா கிராம்பு மெல்லுகிறவன், ஆனால் படித்தவன். அவன் எழுந்து நிதானமாக வாதத்தை அடுக்கினான். பிறை தெரிய வாய்ப்பே இல்லை என்று கணிப்பாளர் உறுதியாகச் சொன்னால், பார்த்தேன் என்கிற சாட்சியைத் தள்ளிவிட வேண்டும் என்று மார்க்கம் படித்த நம் ஆலிம்களிலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். சாட்சி தள்ளுபடி என்றால் அன்றைக்குப் பெருநாள் இல்லை. பெருநாள் இல்லை என்றால் சன்ஜர் கெடுவுக்குள் வந்துவிட்டான். தலாக் விழவில்லை, பெண் அவன் கூடப் போக வேண்டும்.

காஜியாருக்கு வியர்த்தது. அந்தச் சாட்சி தள்ளுபடியானால் ஊர் முழுக்க ஒரு நோன்பை அவர் பேச்சைக் கேட்டு முறித்ததாக ஆகிவிடும்.

“கணிப்பாளர் யாரு?” என்றார், தெரியாதது மாதிரி.

“இவருதான். ஷேக் புர்ஹானுத்தீன். பொண்ணோட வாப்பா. பெத்தவன் புள்ளைக்குச் சாதகமா சொன்னா அது சாட்சியில சேராது. பாதகமா சொன்னா சேரும். பெத்த மகளுக்குப் பாதகமா ஒருத்தர் வந்து சொல்றதைவிட உறுதியான சாட்சி வேற என்ன இருக்கு? மத்தக் கணிப்பாளருங்க எல்லாம் பழைய அட்டவணையை வெச்சுக்கிட்டுத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்னு மழுப்புவாங்க. இவரு அட்டவணைதான் முடியவே முடியாதுன்னு சொல்லுது. மினாராவுல நின்னு இவரே சொல்லியிருக்கார்.”

எல்லார் தலையும் அவர் பக்கம் திரும்பியது. பின் வரிசையில் டமாஸ்கஸ்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனும் கணிப்பாளன், கெட்டிக்காரன். புதிய அட்டவணையைப் பிரதி எடுத்துக்கொண்டு போகத்தான் அத்தனை தூரம் வந்து தங்கியிருந்தான். அவன் எடுத்துக்கொண்டு போனால் அங்கிருந்து பாரசீகத்துத் தப்ரீஸ் நகரம் வரை போகும் என்று அவரிடம் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட அன்று அவர் ஒரு சின்னப் பையன் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்க ஷேக்” என்றார் காஜியார். “ஊரே அன்னிக்குச் சாப்பிட்டிருக்கு.”

புர்ஹானுத்தீன் சுற்றிலும் பார்த்தார். மிஸ்பாஹ் புதுப் பட்டு அங்கியில் வந்திருந்தான். அதற்குள் அதன் முன்பக்கம் நெய்க்கறை பிடித்திருந்தது. அவன் மச்சான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். சன்ஜர் காலை அகட்டி உட்கார்ந்து, வேலை முடிந்துவிட்ட ஆள் மாதிரி மீசையை நீவிக்கொண்டிருந்தான். இவர்களுக்கு மத்தியில் ஓர் உண்மையை எடுத்து வைக்க வேண்டும். வைத்தால் அது தப்ரீஸ் வரை போகும், பெண் சன்ஜர் வீட்டுக்குப் போவாள். இருபது வருஷமாக அவர் தேடித் தேடிச் சுத்தப்படுத்திய ஒரே பொருளை இந்தக் கும்பல் கேட்கிறது, ஒரு பெண்ணைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போவதற்காகக் கேட்கிறது.

“கணக்குல தப்பு இருக்கு” என்றார்.

சபையில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. “சத்தமா சொல்லுங்க” என்றார் காஜியார். அவர் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டது.

“என் அட்டவணை தப்பு. பழைய அட்டவணைதான் சரி. அதன்படி அன்னிக்குப் பிறை தெரியும்.”

மிஸ்பாஹ் “அல்ஹம்துலில்லாஹ்!” என்று உரக்கச் சொன்னான். டமாஸ்கஸ்காரன் எழுந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், ஸலாம்கூடச் சொல்லாமல் வெளியே போனான்.

சன்ஜர் துள்ளி எழுந்தான். “பொய்! இந்தக் கிழவன் பொய் சொல்றான்! இவர் கணக்கு தப்பாது, என்னிக்குமே தப்பாது! நான் கூட இருந்து பாத்திருக்கேன்!” அந்தச் சபையில் அவருடைய அட்டவணைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் அவன் ஒருவன்தான். ஆத்திரத்தில் அவன் வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போனது. “அல்லாஹ் மேல ஆணை, இவர் கணக்கு தப்பா இருந்தா என் பொண்டாட்டிக்கு மூணு தலாக்!”

வக்கீல் மென்றுகொண்டிருந்த கிராம்பை அப்படியே விழுங்கிவிட்டான். பிறகு சிரிப்பு வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த மச்சான்கூட விழித்து, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தான்.

“அதான் தப்புன்னு அவரே சொல்லிட்டாரேப்பா” என்றார் காஜியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பிறைக் கணக்குலயும் போச்சு, இந்தக் கணக்குலயும் போச்சு. எழுதுங்கய்யா, அந்தப் பொண்ணுக்கு விடுதலை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “இந்தக் கணிப்பாளருங்க வாயால ஒரு தடவை இதைக் கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. இனிமே நோன்புக்கும் பெருநாளுக்கும் அட்டவணையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தரும் மினாரா ஏற வேணாம்” என்றும் சேர்த்துச் சொன்னார்.

வாசலில் மிஸ்பாஹ் அவரைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் கட்டி அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். நெய்யும் வியர்வையும் புதுப்பட்டுமாக ஒரு வாடை அவர் மேல் அப்பியது.

“மனசுல வெச்சுக்காதீங்க ஷேக்” என்று காதோரமாகச் சொன்னான். “உங்ககிட்ட சொன்னா என்ன, நானும் அன்னிக்கு ஒண்ணும் பாக்கல. நீங்க சொன்னதுதான் சரி. ஆனா பாருங்க, நம்ம ரெண்டு பேராலயும் ஒரு பொண்ணுக்கு நல்லது நடந்திருக்கு. அடுத்த வருஷம் என் பக்கத்துலயே நில்லுங்க.”

நம்ம ரெண்டு பேர் என்றான். அவனை அறைய வேண்டும் என்று கை எழுந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்று பட்டதும் கை இறங்கிவிட்டது. தெரு முனையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வாந்தி எடுத்தார். வெறும் பித்த நீர்தான் வந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தொட்டியில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், வாடை போகவில்லை.

துன்யா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

“முடிஞ்சுதா வாப்பா?”

“முடிஞ்சுது. இனிமே அவன் உன்கிட்ட வர முடியாது.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் எதிரில் உட்கார்ந்து தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அழுது முடித்ததும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“என்னதான் சொன்னீங்க?”

“கணக்கு தப்புன்னு சொன்னேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் போட்ட கணக்கும்தான். கண்ணில் ஈரம் காயவில்லை, ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

“எந்த இடத்துல தப்புன்னு சொன்னீங்க?”

“வழியெல்லாம் ஒரு தப்பைத் தயார் பண்ணிக்கிட்டேதான் போனேன். நிலாவோட ரெண்டாவது திருத்தத்தைக் கூட்ட வேண்டிய இடத்துல கழிச்சிட்டேன்னு சொல்லலாம்னு. விஷயம் தெரிஞ்சவன் எவனாவது இருந்தா உடனே புடிச்சிருவானே, அப்ப என்ன செய்யறதுன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.” அவர் தலைப்பாகைத் துணியைப் பிரித்துப் பிரித்து மடித்தார். “ஒருத்தனும் கேக்கல மவளே. தப்புன்னேன், சரின்னுட்டாங்க.”

“டமாஸ்கஸ்காரருமா கேக்கல?”

“அவனுந்தான்” என்றார் புர்ஹானுத்தீன்.